சாய்ந்த பெட்டியை அளந்த துறவி

நேராக நிற்கும் ஒரு பெட்டி. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால், உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்குத்தான்.

ஆனால் பெட்டி சாய்ந்திருந்தால்? அடித்தட்டும் மேல்தட்டும் படுக்கையாகவே இருக்கின்றன. மேல்தட்டு மட்டும் ஒரு பக்கமாக விலகி நிற்கிறது. சுவர்கள் சரிந்து இருக்கின்றன. இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு கொள்ளும்? கூடுமா, குறையுமா?

இந்தக் கேள்விக்கும், இதைவிடக் கடினமான நூறு கேள்விகளுக்கும் ஒரே விதியால் விடை சொன்னவர் ஒரு துறவி. அவர் இத்தாலி நாட்டுக்காரர். வாழ்நாள் முழுவதும் நோயுடன் போராடியவர். பெயர் பொனவெந்தூரா கவாலியேரி.

மடத்தில் சேர்ந்தார்

இத்தாலியின் வடக்கே மிலான் என்ற பெரிய நகரம் இருக்கிறது. 1598-ம் ஆண்டு வாக்கில் கவாலியேரி அங்கே பிறந்தார்.

1615-ம் ஆண்டில் அவர் துறவு பூண்டார். அப்போது அவருக்கு வயது 17 இருக்கும். அவர் சேர்ந்த சபைக்கு "ஜெசுவாத்தி" என்று பெயர். நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதற்காக ஏற்பட்ட பழைய சபை அது.

உலகம் எங்கும் பள்ளிகள் நடத்திய "இயேசு சபை" வேறு; இது வேறு. பெயர்கள்தான் ஒன்றுபோல் ஒலிக்கும். பிற்காலத்தில் கவாலியேரிக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. அது அந்த இயேசு சபையின் பக்கம் இருந்துதான் வந்தது.

1616-ம் ஆண்டில் சபையார் அவரைப் பைசா நகருக்கு அனுப்பினார்கள். சாய்ந்த கோபுரத்துக்குப் பெயர் பெற்ற பைசாதான் அது. அங்கே கஸ்தெல்லி என்ற துறவி கணிதப் பேராசிரியராக இருந்தார். அவர் கலிலியோவின் மாணவர்.

கஸ்தெல்லி இளைஞருக்கு வடிவ கணிதம் சொல்லிக் கொடுத்தார். பழைய கிரேக்க மேதைகளான யூக்லிட், ஆர்க்கிமிடிஸ் ஆகியோரின் நூல்களைக் கவாலியேரி விரைவில் கரைத்துக் குடித்துவிட்டார். கஸ்தெல்லி ஊரில் இல்லாதபோது, அவருக்குப் பதிலாக வகுப்பு நடத்தும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கஸ்தெல்லி மூலமாகக் கலிலியோவின் அறிமுகம் கிடைத்தது. அன்று ஐரோப்பாவிலேயே புகழ் பெற்ற விஞ்ஞானி கலிலியோ. கவாலியேரி அவரைத் தம் குருவாகக் கொண்டார். வாழ்நாளில் அவருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார்.

பத்து ஆண்டுகள் காத்திருந்தார்

போலோஞா நகரத்துப் பல்கலைக்கழகம் ஐரோப்பாவில் மிகப் பழமையானது. 1617-ம் ஆண்டில் அங்கே கணிதப் பேராசிரியர் இறந்துவிட்டார். அந்த இடம் காலியாக இருந்தது.

1619-ம் ஆண்டில் கவாலியேரி அந்த வேலைக்கு மனுப் போட்டார். அப்போது அவருக்கு 21 வயது. சின்னப் பிள்ளை என்று கருதினார்களோ என்னவோ, வேலை கிடைக்கவில்லை.

சபையார் அவரை மிலானுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே சமய பாடம் நடத்தினார். பிறகு லோடி என்ற ஊரில் மடத்துத் தலைவர் ஆனார். 1626-ம் ஆண்டில் பார்மா நகரத்து மடத்துக்கு மாற்றினார்கள்.

மடத்துத் தலைவர் என்றால் வேலை கொஞ்சமா? வரவு செலவு பார்க்க வேண்டும். துறவிகளின் தேவைகளைக் கவனிக்க வேண்டும். அதன் நடுவேதான் கணக்கு.

போதாக்குறைக்கு நோய் வேறு. சிறு வயதிலிருந்தே அவருக்கு மூட்டுகளில் கடும் வலி உண்டு. மூட்டுகள் வீங்கும். கால் ஊன்ற முடியாது. கீல்வாதம் என்றார்கள்.

1626-ம் ஆண்டின் இறுதியில் பார்மாவிலிருந்து மிலானுக்குப் பயணம் செய்தார். வழியில் நோய் பற்றிக்கொண்டது. பல மாதங்கள் மிலானிலேயே தங்க நேர்ந்தது.

நோய் காலை முடக்கியது. மூளையை முடக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். 1627-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்துவிட்டதாகக் கலிலியோவுக்குத் தெரிவித்தார்.

நோட்டுப் புத்தக அடுக்கு

அந்த நூலில் என்ன இருந்தது? அதைப் புரிந்துகொள்ள வீட்டில் உள்ள நோட்டுப் புத்தகங்களே போதும்.

ஒரே அளவுள்ள நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கு நேராக நிற்கும். இப்போது அதைக் கையால் மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். ஒவ்வொரு நோட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அடுக்கு சாய்ந்து நிற்கும்.

நோட்டுகள் கூடவில்லை, குறையவும் இல்லை. உயரமும் மாறவில்லை. உருவம்தான் மாறிவிட்டது. அடுக்கு அடைத்துக்கொள்ளும் இடம் முன்பு இருந்த அளவேதான்.

இதுதான் கவாலியேரியின் விதி. ஒரே உயரம் உள்ள இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டத்தில் குறுக்கே வெட்டினாலும் இரண்டின் வெட்டுமுகமும் ஒரே பரப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இரண்டின் கன அளவும் சமம்.

கவாலியேரியே பின்னாளில் இப்படித்தான் விளக்கினார். துணி என்பது நூல் இழைகளின் வரிசை; புத்தகம் என்பது தாள்களின் அடுக்கு. அதுபோலப் பரப்பைக் கோடுகளாகவும், கனப் பொருளைத் தளங்களாகவும் எண்ணிப் பார்க்கலாம் என்றார். ஆனால் தாளுக்குக் கனம் உண்டு. அவர் சொன்ன தளங்களுக்குக் கனமே கிடையாது. எண்ணிக்கைக்கும் முடிவு கிடையாது. அவற்றுக்கு அவர் "பகாக் கூறுகள்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்.

சாய்ந்த பெட்டியைப் பற்றி யூக்லிடுக்கே தெரியும். அடியும் உயரமும் ஒன்றாக இருந்தால் கன அளவு சமம் என்று 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர் நிரூபித்திருந்தார். சீன நாட்டிலும் சூ கெங் என்பவர் இதே வழியைக் கண்டு, பந்தின் கன அளவைக் கணக்கிட்டிருந்தார். அது கவாலியேரிக்குத் தெரியாது. ஐரோப்பாவில், எல்லா வடிவங்களுக்கும் இதை ஒரு பொது வழியாக ஆக்கியவர் அவர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பெட்டியின் அடித்தட்டு 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். உயரம் 12 அங்குலம். நேராக நின்றால் கன அளவு 10 x 6 x 12. அதாவது 720 கன அங்குலம்.

இன்னொரு பெட்டிக்கும் அதே அடி, அதே உயரம். ஆனால் மேல்தட்டு நீளவாட்டில் 5 அங்குலம் விலகி இருக்கிறது. இதன் கன அளவும் 720 கன அங்குலமே.

இங்கேதான் பலர் தவறு செய்வார்கள். சாய்ந்த சுவரை அளந்து பார்த்தால் 13 அங்குலம் இருக்கும். (5 x 5 = 25; 12 x 12 = 144; இரண்டும் சேர்ந்து 169. அது 13 x 13.) அந்த 13-ஐ வைத்துப் பெருக்கினால் 780 வரும். அது தப்பு. தரையிலிருந்து மேல்தட்டுவரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு.

தீப்பெட்டியின் மேல்கூட்டை விரலால் தள்ளிச் சாய்ப்பது வேறு கதை. அதில் சுவரின் நீளம் மாறாது, உயரம் குறையும். ஆகவே உள்ளே கொள்ளும் அளவும் குறையும். கூடு முழுதும் படுத்துவிட்டால் உள்ளே ஒன்றும் கொள்ளாது.

மேற்பரப்பு மட்டும் மாறும்

கன அளவு மாறாது. சரி, பெட்டியின் வெளிப்புறப் பரப்பு?

நேரான பெட்டிக்கு ஆறு முகங்கள். மேலும் கீழும் 60, 60. இடமும் வலமும் 72, 72. முன்னும் பின்னும் 120, 120. மொத்தம் 504 சதுர அங்குலம்.

சாய்ந்த பெட்டியில் மேலும் கீழும் அதே 60, 60. முன்னும் பின்னும் உள்ள முகங்கள் சரிந்தாலும், அடி 10, உயரம் 12 என்பதால் அதே 120, 120. இடமும் வலமும் மட்டும் 6 x 13. அதாவது 78, 78. மொத்தம் 516 சதுர அங்குலம்.

உள்ளே கொள்வது ஒன்றுதான். ஆனால் தகரத்தில் செய்தால் 12 சதுர அங்குலம் தகரம் கூடுதலாக வேண்டும்.

இன்னும் சாய்த்தால்? மேல்தட்டு 16 அங்குலம் விலகினால், சுவரின் நீளம் 20 அங்குலம் ஆகும். மொத்தப் பரப்பு 600 ஆகிவிடும். கன அளவோ அதே 720தான்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சாய்ந்த சுவரிலும் நேரான சுவரிலும் படுக்கையாக இழைகள் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மட்டத்திலும் இரண்டு இழைகளும் 6 அங்குலம்தான். இழைக்கு இழை சமம். ஆனால் ஒரு சுவர் 72, மற்றது 78! காரணம், சாய்ந்த சுவரில் இழைகள் தள்ளித் தள்ளி விழுகின்றன. இந்தப் பொறியில் விழாமல் இருக்கத்தான், கோடுகளை ஒப்பிடும்போது இரண்டு உருவங்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்று கவாலியேரி நிபந்தனை வைத்தார்.

கலிலியோவின் சிபாரிசு

நூல் தயார். ஆனால் அதை எழுதியவர் ஒரு சிறிய மடத்துத் தலைவர்தானே! யார் கவனிப்பார்கள்?

1629-ம் ஆண்டில் கலிலியோ கை கொடுத்தார். போலோஞா நகரத்துப் பிரமுகர் மார்சிலி என்பவருக்குக் கடிதம் எழுதினார். ஆர்க்கிமிடிசுக்குப் பிறகு வடிவ கணிதத்தில் இவ்வளவு ஆழமாகச் சென்றவர்கள் மிகச் சிலரே இருக்க முடியும் என்று புகழ்ந்திருந்தார்.

கவாலியேரி தம் நூலின் கைப்பிரதியை மார்சிலிக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டில் வேலை கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட பல்கலைக்கழகமே அவரை அழைத்துக்கொண்டது. அவ்வூரில் இருந்த தம் சபை மடத்துக்கும் அவரே தலைவர் ஆனார்.

ஆனால் அது நிரந்தர வேலை அல்ல. மூன்று ஆண்டுத் தவணை. தவணை முடிந்ததும் நகர சபையார் மீண்டும் நீடிக்க வேண்டும். ஆகவே வான நூல், மடக்கைக் கணக்கு என்று அவர்களுக்குப் பயன்படும் நூல்களையும் எழுதினார். மடக்கைக் கணக்கு இத்தாலியில் பரவுவதற்கு அவரும் ஒரு காரணம்.

குருவுடன் மனத்தாங்கல்

1632-ம் ஆண்டில் அவர் எழுதிய ஒரு நூல் குருவின் மனத்தைப் புண்படுத்திவிட்டது.

வீசி எறிந்த கல் எந்த வழியில் போகும் என்று அதில் எழுதியிருந்தார். அதைக் கலிலியோ முன்பே கண்டுபிடித்திருந்தார். ஆனால் இன்னும் அச்சிடவில்லை. தாம் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பெருமையை மாணவர் பறித்துக்கொண்டாரே என்று கலிலியோ வருந்தினார்.

கவாலியேரி பதறிப்போனார். குருவின் பெருமையை எடுத்துக்கொள்ள நினைக்கவே இல்லை என்று மன்னிப்புக் கேட்டு எழுதினார். கலிலியோவின் மனம் இளகியது. நட்பு தொடர்ந்தது.

அடுத்த ஆண்டு, 1633-ல், கலிலியோவுக்கே ஆபத்து வந்தது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியதற்காக ரோமாபுரியில் அவரை விசாரித்துத் தண்டித்தார்கள். பிறகு வீட்டுக்காவலில் வைத்தார்கள். துறவியான கவாலியேரி அவருடன் உறவை முறித்துக்கொள்ளவில்லை. 1636-ம் ஆண்டில் அவர் இருந்த ஆர்செத்ரி என்ற ஊருக்கே சென்று தங்கி வந்தார்.

தடையும் எதிர்ப்பும்

1632-ம் ஆண்டில் இன்னொரு தடையும் பிறந்தது. கோடும் பரப்பும் பகுக்க முடியாத கூறுகளால் ஆனவை என்ற கொள்கையைத் தங்கள் பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது என்று இயேசு சபையின் அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

கவாலியேரி அந்தச் சபையைச் சேர்ந்தவர் அல்ல. தடை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தச் சபையின் செல்வாக்குப் பெரிது.

கலிலியோவும் இதே பொருளைப் பற்றி எழுதப்போவதாக இருந்தார். அவர் நூலுக்காகக் கவாலியேரி பல ஆண்டுகள் காத்திருந்தார். அது வரவில்லை. 1635-ம் ஆண்டில் தம் நூலைத் துணிந்து அச்சிட்டார். லத்தீன் மொழியில் ஏறத்தாழ 700 பக்கம். ஏழு பாகங்கள். படிக்கக் கடினமான நூல். பெயர் பரவியது, படித்து முடித்தவர்கள் குறைவு.

பிறகு எதிர்ப்பு வந்தது. பால் குல்தின் என்பவர் இயேசு சபைத் துறவி. நல்ல கணித அறிஞர். கவாலியேரியின் முறையை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

அகலமே இல்லாத கோடுகளை எத்தனை சேர்த்தாலும் பரப்பு எப்படி வரும் என்று அவர் கேட்டார். எண்ணிக்கையில் முடிவில்லாத ஒன்றை, முடிவில்லாத இன்னொன்றுடன் எப்படி ஒப்பிட முடியும் என்றும் கேட்டார். கெப்ளர் முதலியோரிடமிருந்து எடுத்த கருத்து என்றும் குற்றம் சாட்டினார்.

கேள்விகள் நியாயமானவைதான். கலிலியோவுக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை.

கடைசி நூல்

1642-ம் ஆண்டில் கலிலியோ இறந்தார். கவாலியேரியின் நோய் முற்றியது. கால்கள் சரியாக இயங்கவில்லை. இருந்தும் குல்தினுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

பரப்பு கோடுகளால் ஆனது என்று தாம் சொல்லவே இல்லை என்றார் அவர். ஒரு பொருளின் வெட்டுமுகத்தை, அதே மட்டத்தில் உள்ள மற்றப் பொருளின் வெட்டுமுகத்துடன் ஒப்பிடுவதே தம் முறை. ஒன்றுக்கு ஒன்று என்று ஒப்பிட்டால் முடிவில்லாத எண்ணிக்கையை எண்ண வேண்டிய அவசியமே இல்லை என்று விளக்கினார்.

1647-ம் ஆண்டில் அந்தப் பதில் நூலாக வெளிவந்தது. ஆனால் குல்தின் அதைப் படிக்கவில்லை. அவர் 1643-லேயே இறந்துவிட்டார்.

அதே ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கவாலியேரி போலோஞாவில் காலமானார். அவருக்கு ஏறத்தாழ 49 வயது. இறக்கும்வரை அவர்தான் அங்கே கணிதப் பேராசிரியர். மூன்று ஆண்டுத் தவணையாகத் தொடங்கிய வேலை 18 ஆண்டுகள் நீடித்தது.

அவர் முறையை வளர்த்த நண்பர் டாரிசெல்லி. காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவியால் பெயர் பெற்றவர் அவர். முடிவில்லாமல் நீளும் ஒரு கொம்பு வடிவத்தின் கன அளவு ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று அவர் காட்டினார். அதன் மேற்பரப்புக்கோ எல்லையே இல்லை! ஆனால் கவாலியேரிக்கு ஒரு மாதம் முன்பே டாரிசெல்லியும் இறந்துவிட்டார்.

கவாலியேரி சேர்ந்திருந்த ஜெசுவாத்தி சபையும் நீடிக்கவில்லை. 1668-ம் ஆண்டில் போப் ஆண்டவர் அதைக் கலைத்துவிட்டார்.

இன்றும் அவர் விதி

சபை போயிற்று. அவர் விதி போகவில்லை. அதே நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை உண்டாக்கினார்கள். அதற்கு வழி திறந்து வைத்தவர்களில் கவாலியேரியும் ஒருவர். குல்தின் எழுப்பிய சந்தேகங்களுக்கு முழு விடை கிடைக்க இன்னும் 200 ஆண்டுகள் ஆயின. சந்திரனில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுவதுபோல் ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். கட்டியின் பரப்பை ஒவ்வொரு படத்திலும் அளந்து, படங்களுக்கு இடையே உள்ள தூரத்தால் பெருக்கிக் கூட்டினால், கட்டி எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். அந்த முறைக்கும் கவாலியேரியின் பெயரே வழங்குகிறது.

நோயாளிகளுக்குத் தொண்டு செய்வதற்காக ஏற்பட்ட சபையில் சேர்ந்தவர் அவர். தாமும் நோயாளியாகவே வாழ்ந்தவர். 300 ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் அவருடைய கணக்கு நோயாளிகளுக்கு உதவிக்கொண்டிருக்கிறது.